ஈயடிச்சான் காப்பியும் ஏரியான் ராக்கெட்டும்

சங்கத்துப் பொங்கல் விழாவில், இடைவேளையின்போது வாசலில் நின்று காப்பி குடித்துக் கொண்டிருந்தேன். தபால் இலாகாவில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் என்னைப் பிடித்துக் கொண்டார்.

"தம்பி, நீங்கள் இந்தக் கம்ப்யூட்டர் லைனில் முப்பது வருஷம் இருந்தவர். ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்கக் கூடாது. என் பேத்தி கார் சாஃப்ட்வேர் செய்கிற கம்பெனியில் இருக்கிறாள். என்னம்மா வேலை என்று கேட்டால் 'ரெக்வயர்மெண்ட் எழுதுகிறேன் தாத்தா' என்கிறாள். எழுதுவதாவது! பாதிக்கு மேல் பழைய ப்ராஜெக்டிலிருந்து எடுத்து ஒட்டுவதுதானாம். எங்கள் ஆபீசில் இதற்கு ஈயடிச்சான் காப்பி என்று பெயர். இதற்கா இவ்வளவு சம்பளம் கொடுக்கிறான்?"

அந்தப் பெண்ணும் பக்கத்தில்தான் நின்று கொண்டிருந்தாள். "போங்க தாத்தா" என்று சிணுங்கிவிட்டு என் பக்கம் திரும்பி, "அங்கிள், ஏன் எதற்கு என்று கேட்டால் டெலிவரி தள்ளிப் போகும், இருப்பதை எடுத்துப் போடு என்றுதான் எங்களிடம் சொல்கிறார்கள்" என்றாள்.

அப்போது சிரித்து மழுப்பி விட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு யோசித்துப் பார்த்தால், பெரியவர் வேடிக்கையாகக் கேட்டது எங்கள் தொழிலின் அடிமடியிலேயே கை வைக்கிற கேள்வி. நம் சங்கத்தில் எத்தனையோ குடும்பங்களின் பிள்ளைகள் ஒயிட்ஃபீல்டிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் இந்த வேலையைத்தான் செய்கிறார்கள். ஆகவே பதிலைக் கொஞ்சம் விரிவாகவே எழுத நினைத்தேன்.

தேவைக் குறிப்பு என்றால் என்ன?

ஒரு கார், ஒரு லிஃப்ட், ஓர் ஆஸ்பத்திரிக் கருவி எதுவானாலும், செய்யத் தொடங்கும் முன் அது என்னென்ன செய்ய வேண்டும், எந்த நிலையில் செய்ய வேண்டும் என்று வரிவரியாக எழுதி வைப்பார்கள். இந்த ஒவ்வொரு வரிக்கும் ரெக்வயர்மெண்ட் என்று பெயர். நாம் தேவைக் குறிப்பு என்று வைத்துக் கொள்வோம். ஒரு நவீனக் காருக்கு இப்படிப்பட்ட வரிகள் ஆயிரக்கணக்கில் தேறும். கட்டுபவர், சோதிப்பவர், வாங்குபவர் எல்லாரும் கடைசியில் இந்த வரிகளை வைத்துத்தான் வழக்காடுவார்கள்.

இந்த வரிகளில் பல, பொதுவானவை. "பாட்டரியின் மின்னழுத்தம் 9 வோல்ட் முதல் 16 வோல்ட் வரை இருக்கும்போது கருவி தடையின்றி இயங்க வேண்டும்" என்ற வரியை எடுத்துக் கொள்ளுங்கள். காரில் உள்ள கதவுப் பூட்டு, விளக்கு, வைப்பர், ஏர்பேக் எல்லாம் ஒரே பாட்டரியில்தான் ஓடுகின்றன. ஆகவே ஒவ்வொன்றின் பத்திரத்திலும் இந்த வரி இருந்தாக வேண்டும். ஒரே வரியைப் பத்துப் பேர் தனித்தனியாகப் புதிதாக எழுதுவது வீண். ஏற்கனவே எழுதி, சோதித்து, நிரூபிக்கப்பட்ட வரியைத் திரும்பப் பயன்படுத்துவதில் தவறே இல்லை, அதுதான் புத்திசாலித்தனம். ஆகவே பெரியவரின் கேள்விக்கு என் முதல் பதில்: எடுத்து ஆள்வது குற்றமல்ல. எப்படி எடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

விலாசம் மாற்றிய கதை

ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு ஓர் அனுபவம் பொது. மாற்றலாகி வந்ததும் ரேஷன் கார்டில் விலாசம் மாற்றுவோம், பாங்கில் மாற்றுவோம், காஸ் புத்தகத்தில் மாற்றுவோம். எல்.ஐ.சி. பாலிசியை மட்டும் மறந்து விடுவோம். மூன்று வருடம் கழித்து பிரீமியம் நோட்டீஸ் திருச்சியில் பழைய வீட்டுக்காரர் கைக்குப் போய்ச் சேரும். காரணம், நம் விலாசம் என்ற ஒரே விஷயம் ஐந்து இடங்களில் ஐந்து தனிப் பிரதிகளாக இருப்பதுதான். பிரதிகள் ஒன்றையொன்று அறியா.

தேவைக் குறிப்பை நகல் எடுத்து ஒட்டினாலும் இதே கதிதான். நான் வேலை பார்த்த ஒரு திட்டத்தில் மேலே சொன்ன பாட்டரி வரி 11 பத்திரங்களில் ஒட்டப்பட்டிருந்தது. நடுவில் கார் தயாரிப்பாளரிடமிருந்து ஒரு திருத்தம் வந்தது. சிக்னலில் நின்றால் எஞ்சின் தானே அணைந்து, புறப்படும்போது தானே கிளம்பும் வசதியைச் சேர்க்கப் போகிறோம், ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் மின்னழுத்தம் சரியும், ஆகவே 9 வோல்ட் என்பதை 6 வோல்ட் என்று மாற்றுங்கள் என்றார்கள். நாங்கள் கம்ப்யூட்டரில் தேடித் தேடி மாற்றினோம். ஒன்பது பத்திரங்கள் திருந்தின. இரண்டில் மட்டும், முன்பு எவரோ வாக்கியத்தைத் தம் நடைக்கு மாற்றி, எண்ணையும் எழுத்தால் எழுதி வைத்திருந்தார்கள். தேடலில் அவை அகப்படவில்லை.

சோதனைக் காரில் எஞ்சின் அணைந்து கிளம்பும் ஒவ்வொரு முறையும் அந்த இரண்டு கருவிகளும் மயக்கம் போட்டு எழுந்தன. நல்லவேளையாக அது சோதனைக் களத்திலேயே தெரிந்தது. யாருக்கும் ஆபத்தில்லை. ஆனால் இரண்டு குழுக்கள் பல வாரங்கள் ராப்பகலாக உழைத்துத் திருத்த வேண்டியதாயிற்று. தவறு எவருடையது என்று தேடினால், நல்லெண்ணத்தோடு ஒட்டிய 11 பேரும்தான்.

இதற்காகவே தேவைக் குறிப்புகளை நிர்வகிக்கத் தனி மென்பொருள்கள் வந்தன. 1990-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் உருவாகி, 2008-ல் ஐ.பி.எம். கைக்கு வந்த டோர்ஸ் இவற்றில் பெயர் பெற்றது. பொதுவான வரியை ஒரே இடத்தில் வைத்து, மற்ற பத்திரங்களிலிருந்து அதற்கு இணைப்பு மட்டும் கொடுக்கலாம். மூல வரியில் ஒரு எழுத்து மாறினாலும், அதனோடு இணைந்த எல்லா இடங்களிலும் 'சந்தேகம்' என்ற குறி தோன்றும்படி அமைத்துக் கொள்ளலாம். அந்தப் பத்திரத்துக்குப் பொறுப்பானவர் வந்து பார்த்து, "இந்த மாற்றம் எனக்கும் சரி" என்று ஒப்புக் கொண்ட பிறகுதான் குறி அகலும். விற்பனைக்குப் போய்விட்ட பொருளின் பத்திரம் தன்னால் மாறி விடாதபடி, அன்றைய தேதியில் உறைய வைக்கவும் வழி உண்டு. ஒரு பகுதிக்கு மட்டும் வரி சற்றே மாற வேண்டும் என்றால், மூலத்தை நினைவில் வைத்திருக்கும் தனிக் கிளையாகப் பிரிக்கலாம்.

இத்தனை வசதி இருந்தும் பல அலுவலகங்களில் அந்த மென்பொருளை வாங்கி வைத்துக் கொண்டு, அதற்குள்ளேயே நகல் எடுத்து ஒட்டுகிறார்கள். பீரோ வாங்கி வைத்துவிட்டுத் துணியைக் கொடியில் போடுகிற கதை. ஏனென்றால் ஒட்ட ஒரு நிமிடம் போதும். இணைப்புக் கொடுத்தால் எதிர்காலத்தில் எழும் ஒவ்வொரு சந்தேகக் குறிக்கும் ஆள் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும்.

இணைப்பு மட்டும் போதுமா?

இங்கேதான் என் கருத்து, தொழிலில் உள்ள நண்பர்கள் பலரிடமிருந்து மாறுபடுகிறது. இணைப்பு கொடுத்து விட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று அவர்கள் நினைக்கிறார்கள். அது போதாது என்பதற்கு உலகறிந்த சாட்சி ஒன்று உண்டு.

1996 ஜூன் 4 அன்று, தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவின் கூரூ தளத்திலிருந்து ஐரோப்பாவின் புதிய ராக்கெட்டான ஏரியான்-5 முதன்முறையாகப் புறப்பட்டது. நமக்கும் உறவுள்ள குடும்பம்தான் அது. நம் ஆப்பிள் செயற்கைக்கோள் 1981-ல் ஏரியான் ராக்கெட்டில்தான் சென்றது. 1990-களில் இன்சாட்-2 வரிசையைச் சுமந்து சென்றது இதன் அண்ணனான ஏரியான்-4. நம்பிக்கைக்குப் பேர் போன அந்த அண்ணனிடமிருந்து தம்பிக்குப் பல பாகங்கள் வந்தன. அவற்றில் ஒன்று, ராக்கெட் எந்தத் திசையில், எவ்வளவு சாய்ந்து போகிறது என்று அளந்து சொல்லும் கருவியும் அதன் மென்பொருளும்.

எஞ்சின் பற்றவைத்து ஏறக்குறைய 37-வது வினாடியில் அந்தக் கருவி செயலிழந்தது. ராக்கெட் பாதை மாறி, சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் உடைந்து வெடித்தது. பூமியின் காந்த மண்டலத்தை ஆராய அனுப்பிய கிளஸ்டர் செயற்கைக்கோள்கள் நான்கும் சிதறின. பிரெஞ்சுக் கணித மேதை ழாக் லூயி லியோன்ஸ் தலைமையிலான விசாரணைக் குழு அடுத்த மாதமே அறிக்கை தந்தது. அந்த அறிக்கையைத் தேவைக் குறிப்பு எழுதும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும்.

நடந்தது இதுதான். அந்தக் கருவியில், தரையில் நிற்கும்போது மட்டமும் திசையும் சரிபார்க்கிற ஒரு வேலை உண்டு. ராக்கெட் கிளம்பிய பிறகு அந்த வேலைக்கு அர்த்தமே இல்லை. ஆனாலும் கிளம்பி சுமார் 40 வினாடி வரை அது ஓடிக் கொண்டிருக்க வேண்டும் என்பது ஏரியான்-4 காலத்துத் தேவைக் குறிப்பு. அன்று அதற்கு நல்ல காரணம் இருந்தது. கடைசி சில வினாடிகளில் எண்ணிக்கையை நிறுத்த நேர்ந்தால், கருவியை முதலிலிருந்து சரிபார்க்க முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். சரிபார்ப்பு ஓடிக் கொண்டே இருந்தால் சீக்கிரமாக மீண்டும் எண்ணத் தொடங்கலாம். 1989-ல் ஒரு முறை இந்த வசதி உண்மையிலேயே கை கொடுத்தது.

ஏரியான்-5 கிளம்பும் முறை வேறு. அதற்கு இந்த வசதி தேவையே இல்லை. ஆனாலும் வரி கூடவே வந்தது, வரியோடு மென்பொருளும் வந்தது. புதிய ராக்கெட்டோ பழையதைவிட ஐந்து மடங்கு விரைவாகப் பக்கவாட்டு வேகத்தைக் கூட்டிக் கொள்வது. அந்த வேகத்தைச் சார்ந்த ஓர் எண், தனக்கு ஒதுக்கிய இடத்தில் கொள்ளாத அளவு பெரிதாயிற்று. 16 பிட் இடத்தில் 32,767-க்கு மேல் எழுத முடியாது. மென்பொருள் திகைத்து நின்றது. பிழை கண்டால் கருவியை நிறுத்தி விடு என்பதும் எழுதப்பட்ட கட்டளைதான். ஆகவே கருவி தன்னை நிறுத்திக் கொண்டது. ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டும் என்று வைத்த மாற்றுக் கருவி கைகொடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். அதிலும் அதே மென்பொருள். வினாடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரம் முன்னதாக, அதே காரணத்தால், அது போய்விட்டிருந்தது.

இதில் நெஞ்சை உறுத்துவது இன்னொன்று. இப்படி நிரம்பி வழியக் கூடிய எண்கள் ஏழு இருப்பதை ஏரியான்-4 காலத்துப் பொறியாளர்கள் முன்பே கண்டிருந்தார்கள். நான்குக்குப் பாதுகாப்புப் போட்டார்கள். கருவியின் கணிப்பொறி தன் சக்தியில் 80 சதவீதத்துக்கு மேல் உழைக்கக் கூடாது என்ற வரம்பு இருந்ததால், பெரிதாக வாய்ப்பில்லை என்று கருதிய மூன்றை விட்டுவிட்டார்கள். ஏரியான்-4 பறக்கும் விதத்துக்கு அது நியாயமான கணக்கு. புதிய ராக்கெட்டுக்கு வந்தபோது அந்தக் கணக்கை மறுபடி போட வேண்டும். ஆனால் ஏரியான்-5 எந்தப் பாதையில், எந்த வேகத்தில் பறக்கும் என்ற விவரத்தைக் கருவியின் தேவைக் குறிப்புகளில் சேர்க்க வேண்டாம் என்று சம்பந்தப்பட்டவர்கள் கூடிப் பேசியே முடிவு செய்திருந்தார்கள்.

ஈயடிச்சான் காப்பி என்ற சொல் எப்படி வந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். காகிதத்தில் நசுங்கிக் கிடந்த ஈயையும் விடாமல், இன்னொரு ஈயை அடித்து அதே இடத்தில் ஒட்டினாராம் ஒரு குமாஸ்தா. அந்த 40 வினாடிதான் ஏரியான்-5-ன் ஈ. ஒட்டியவர்கள் சாமானியர்கள் அல்லர், ஐரோப்பாவின் தலைசிறந்த பொறியாளர்கள். அவர்கள் கையில் இருந்த வரியில் எழுத்துப் பிழைகூட இல்லை. வரி ஏன் எழுதப்பட்டது, எந்த நிலைமைக்கு எழுதப்பட்டது என்ற இரண்டும் வரியோடு சேர்ந்து பயணம் செய்யவில்லை, அவ்வளவுதான்.

ராக்கெட்டில் ஆள் இல்லை, போனது பணம் என்று ஆறுதல் சொல்லலாம். தெரக்-25 என்ற புற்றுநோய்க் கதிர்வீச்சு இயந்திரத்தின் கதையில் அந்த ஆறுதலும் கிடையாது. 1985-க்கும் 1987-க்கும் இடையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் 6 நோயாளிகள் அதனால் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். சிலர் உயிரிழந்தார்கள். அதன் மென்பொருளின் சில பகுதிகள் முந்தைய இயந்திரங்களிலிருந்து வந்தவை. முந்தைய தெரக்-20 இயந்திரத்தில் மென்பொருள் தவறினாலும் தடுக்கத் தனி மின்பூட்டுகள் இருந்தன. புதிய இயந்திரத்தில் மென்பொருளை நம்பி அவற்றை எடுத்துவிட்டார்கள். அதே பிழை தெரக்-20-லும் இருந்தது பிறகுதான் தெரிந்தது. அங்கே அது ஃபியூஸ் போவதோடு நின்றிருந்தது. பல காலம் தவறின்றி ஓடியது என்ற நற்பெயரில் பாதி, உண்மையில் அந்தப் பூட்டுகளுக்குச் சேர வேண்டியது.

என்ன செய்யலாம்?

என் அனுபவத்தில் பட்டதைச் சொல்கிறேன்.

ஒன்று. பொதுவான வரி ஒரே இடத்தில் இருக்கட்டும். மற்றவர்கள் அதைச் சுட்டட்டும். நகல் எடுத்து ஒட்டுவதை அலுவலகம் தடுக்க வேண்டும்.

இரண்டு. ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் அதன் காரணத்தையும், அது பொருந்தும் நிலைமையையும் எழுத வேண்டும். 29148 என்ற எண்ணுள்ள சர்வதேசத் தர நூலும் காரணத்தைக் குறிக்கச் சொல்கிறது. மென்பொருளில் அதற்கென்று ஒரு கட்டமும் அமைத்துக் கொள்ளலாம். நான் பார்த்த பத்திரங்களில் பெரும்பாலும் காலியாகக் கிடப்பது அந்தக் கட்டம்தான்.

மூன்று. வரியை எடுத்து ஆள்பவர், "என் பொருளுக்கும் இந்தக் காரணம் உண்டா? என் நிலைமையும் அதுதானா?" என்று பார்த்துத் தம் பெயரிட்டு ஒப்பமிட வேண்டும். கார் மின்னணுப் பாதுகாப்புக்கென 2011-ல் வந்த ஐ.எஸ்.ஓ. 26262 தரம் இதையே வேறு விதமாகச் சொல்கிறது. எந்தக் காருக்கு என்று தெரியாமல் ஒரு பாகத்தைச் செய்பவர் தம் அனுமானங்களை எழுதித் தர வேண்டும். அதைக் காரில் பொருத்துபவர் அந்த அனுமானங்கள் தம் காருக்குச் சரியா என்று சோதிக்க வேண்டும்.

நான்கு. தேவையற்ற வரியை நீக்கவும் ஒருவருக்கு அதிகாரமும் தைரியமும் இருக்க வேண்டும். சேர்ப்பது எளிது. "ஓடுவதை ஏன் தொடுகிறாய்?" என்ற பயத்தில் எவரும் எதையும் எடுப்பதில்லை. ஏரியான் வரியும் அப்படித்தான் தப்பிப் பிழைத்தது.

இதற்கெல்லாம் நேரம் ஏது என்று மேலாளர்கள் கேட்பார்கள். அவர்கள் சங்கடம் எனக்குத் தெரியும், நானும் அந்த நாற்காலியில் இருந்தவன். பழையதை ஆள்வதால் பாதி நேரம் மிச்சம் என்று கணக்குக் காட்டித்தான் ஒப்பந்தமே வாங்கியிருப்பார்கள். எழுதுவதில் மிச்சமான நேரத்தில் ஒரு பங்கைக் கேட்பதற்கு ஒதுக்கி வைத்தால், மற்ற பங்கு உண்மையிலேயே மிச்சமாகும். இல்லாவிட்டால் அது கடன். சோதனைக் களத்திலோ சாலையிலோ வட்டியோடு கட்ட நேரும். இப்போது கணிப்பொறியே பழைய பத்திரங்களைப் படித்துப் புதிய வரிகளை எழுதித் தரத் தொடங்கிவிட்ட நிலையில், ஒட்டும் வேகம் இன்னும் கூடியிருக்கிறது. கேட்கும் வேலையோ இன்னும் மனிதர் தலையில்தான்.

நம் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. பதிலை மனப்பாடம் செய்து மார்க் வாங்கக் கற்றுக் கொடுத்தே பிள்ளைகளை வேலைக்கு அனுப்பியிருக்கிறோம். அங்கே போய், மூத்தவர் எழுதிய வரியை "இது நமக்கு ஏன்?" என்று ஓர் இருபத்தைந்து வயதுப் பெண் கேட்க எவ்வளவு துணிவு வேண்டும்! கேட்டதற்காக அன்று முகம் வாடி வீடு திரும்பினால், "வந்த இடத்தில் வம்பு எதற்கு?" என்று நாமும் சேர்ந்து அடக்க வேண்டாம். அந்தக் கேள்வியால் எங்கோ ஒரு கார் நேரத்தில் நிற்கக் கூடும். அதில் பயணம் செய்வது நம் பேரக் குழந்தையாகவும் இருக்கலாம்.

ஏரியான்-5 அந்தத் தோல்வியோடு முடிந்து போகவில்லை. குறை திருத்தப்பட்டு, 2000-ல் நம் இன்சாட்-3பி-யைச் சுமந்து சென்றது. 2021-ல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியை விண்ணில் சேர்த்தது. 2023 ஜூலையில் கடைசியாகப் பறந்து, மதிப்போடு ஓய்வு பெற்றது. இழந்த கிளஸ்டர்களுக்குப் பதிலாக நான்கு புதிய செயற்கைக்கோள்களும் 2000-ல் வேறு ராக்கெட்டில் சென்று சேர்ந்தன. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டுவிட்டால் பழைய பொருளும் நன்றாகவே உழைக்கும்.

ஆகவே பெரியவரே, உங்கள் பேத்திக்குச் சம்பளம் ஒட்டுவதற்காக அல்ல. எதை ஒட்டக் கூடாது என்று கண்டு சொல்வதற்காக. அடுத்த முறை சங்கத்தில் பார்க்கும்போது, "இந்த மாதம் எத்தனை வரி எழுதினாய்?" என்று அவளைக் கேட்காதீர்கள். "எத்தனை வரியை ஏன் என்று கேட்டாய்?" என்று கேளுங்கள். பதில் சொல்ல அவளிடம் ஏதாவது இருந்தால், அவள் வாங்குகிற சம்பளம் நியாயமானதுதான்.